இருபத்தோராம் அத்தியாயத்தின் பின்பக்கம்

கோவிலம்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது எங்கள் பக்கம் நான், அப்பா, அம்மா. துணைக்கு ஜெயராஜ் அண்ணன். குரோம்பேட்டை தோல் கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவர். என்னிடம் புத்தகம் இரவல் வாங்கி ஒழுங்காகத் திருப்பித் தருகிற ஒரே மனிதர். பெண் வீட்டில் அவள் அப்பா முனுசாமி, அம்மா, வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள். வராதவர் ஒருவர்தான் — பெண்ணின் தாய்மாமன் ஏகாம்பரம். சிங்கப்பெருமாள் கோவிலில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். அன்றைக்கென்று பார்த்து லோடு வந்துவிட்டதாம்.

உங்களுக்குத் தெரியாததா? வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிடுவார்கள். வராதவர்தான் முடிவு சொல்வார்!

பெண்ணின் பெயர் கலைச்செல்வி. மேடவாக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். காபி கொண்டுவந்து வைத்தாள். காபி வந்தது, பேச்சு வரவில்லை. என் அப்பாவுக்கும் முனுசாமிக்கும் மட்டும் லாரி டயரைப் பற்றிப் பேச்சு பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குத் திரிசூலம் கல்குவாரியில் வேலை. முனுசாமிக்குத் தாம்பரத்தில் லாரி ஒர்க்‌ஷாப்பில். இவர் கல் ஏற்றி உடைத்த லாரியை அவர் சரிசெய்து திருப்பி அனுப்பியிருக்கிறார். வருஷக்கணக்கான உறவு, இன்றைக்குத்தான் தெரிகிறது!

ஜெயராஜ் அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"எங்க தம்பி சாதாரண ஆள் இல்லீங்க. வாராவாரம் பத்திரிகையில புத்தகங்களைப் பத்தி எழுதுறாரு."

"தெரியும். இன்ஸ்டிட்யூட்டுக்கு வருது, படிச்சிருக்கேன்" என்றாள் கலைச்செல்வி.

என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"எல்லாப் புத்தகமும் நல்லா இருக்குன்னு எழுதுறாரு."

பாராட்டா, திட்டா? நான் யோசித்து முடிப்பதற்குள் என்னைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

"எந்தப் புத்தகத்தையாவது பிடிக்காம பாதியிலேயே மூடி வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. இதுவரைக்கும் ஒண்ணைக்கூட இல்லை" என்றேன், மேடையில் மெடல் வாங்குகிறவன் மாதிரி.

"ஓ..." என்றாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த 'ஓ'வைத் தாம்பரம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களே, நீங்களே சொல்லுங்கள். அவள் சொன்னதில் பொய் உண்டா? துப்பறியும் கதையா, 'விறுவிறுப்பு'. சரித்திரக் கதையா, 'கம்பீரம்'. ஒன்றுமே புரியாத புத்தகமா, 'ஆழம்'. இப்படித்தானே எழுதிக்கொண்டிருந்தேன்?

காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். என் புத்தக அலமாரி எது தெரியுமா? குவாரியிலிருந்து அப்பா தூக்கி வந்த காலி வெடிமருந்துப் பெட்டி. பக்கவாட்டில் மண்டையோடு படம். கீழே 'அபாயம், அருகில் புகை பிடிக்காதீர்'. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா பீடி பற்றவைத்தால் அம்மா இன்றைக்கும் கத்துவாள், "பொட்டியில எழுதிக்கீதுன்னு புள்ள சொன்னான் இல்ல? அப்பால போய்யா!" உள்ளே இருப்பது கவிதைத் தொகுப்பு!

இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவன், அச்சில் வந்ததை மட்டும் எப்படி மிச்சம் வைப்பான்? ரயில்வே டைம்டேபிளைக்கூட அட்டை முதல் அட்டை வரை படித்தவன் நான். (நல்ல புத்தகம்தான். கதாபாத்திரங்கள் அதிகம். ஆனால் எல்லாரும் கடைசியில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.)

அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் முனுசாமி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையெல்லாம் கிரீஸ்.

"தம்பி, பாப்பா படிக்க எதுனா புக்கு வாங்கியாரச் சொல்லிச்சு."

"என்ன மாதிரி சார்?"

"எனக்கு இன்னா தெரியும்? தடியா ஒண்ணு குடு. பஸ்ஸுல காத்தடிச்சா பறக்காம இருக்கணும்."

கவனியுங்கள். மாமா வந்து பேசும்வரை நானும் கலைச்செல்வியும் பேசிக்கொள்ளக் கூடாது. கடிதம் கூடவே கூடாது. ஆனால் புத்தகம்? பெண்ணைப் பெற்றவரே டிபன் பைக்குள் வைத்து எடுத்துப் போகிற பொருளுக்கு யார் தடை சொல்ல முடியும்!

தடியாகக் கேட்டாரே என்று ஒரு சரித்திர நாவலைக் கொடுத்தேன். நான்கு நாளில் புத்தகம் திரும்பி வந்தது. கூடவே விமரிசனமும் வந்தது, முனுசாமியின் வாய் வழியாக.

"குதிரை ஓடிகினே கீதாம் தம்பி. காஞ்சிபுரத்துல ஏறுனவன் தஞ்சாவூர்லதான் எறங்குறானாம். நடுவுல ஒருத்தனும் அதுக்குத் தண்ணி காட்டலியாம். பாப்பா ரொம்ப வருத்தப்பட்டுச்சு."

அன்றைக்கே அந்த நாவலைப் புரட்டிப் பார்த்தேன். உண்மை! ராஜகுமாரன் மூன்று இடத்தில் இளநீர் சாப்பிடுகிறான். குதிரைக்கு ஒரு வாய் கிடையாது. இருமுறை படித்த எனக்கு அந்தக் குதிரையின் தாகம் கண்ணில் படவே இல்லையே?

அடுத்து, ஒரு துப்பறியும் மாத நாவல்.

"மொத ஆறு பக்கத்துலயே கண்டுபுடிச்சிடுச்சு. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் தொடச்சிகினே பேசுறான் பாரு, அவன்தானாம் கொலைகாரன். நல்லவன் எவனும் கதையில கண்ணாடி தொடைக்க மாட்டானாம்."

யோசித்துப் பாருங்கள். கண்ணாடி துடைக்கிறவன், ரோஜாச்செடி வளர்க்கிறவன், வேலைக்காரனிடம்கூட மெதுவாகப் பேசுகிறவன்... இந்த மூன்று பேரையும் முதலிலேயே பிடித்து உள்ளே வைத்துவிட்டால் நம் ஊர் துப்பறியும் நாவல்களில் பாதிக்குத் தேவையே இருக்காது. ஆனாலும் மாதம் பிறந்தால் தாம்பரம் ஸ்டேஷன் கடையில் நான் வாங்கிவிடுவேன். முடிவு தெரிந்தும் மாமியார் வீட்டுக்குப் போகிறார்களே, அந்த மாதிரி.

ஆவிக்கதை ஒன்று அனுப்பினேன். அது வரத் தாமதமாயிற்று.

"பாப்பா படிச்சிட்டு கெக்கெக்கேன்னு சிரிக்குது. நான்தான் பேஜாராப் பூட்டேன்."

"நீங்களா? நீங்க எங்க சார் படிச்சீங்க?"

"பஸ்ஸு மேடவாக்கம் போற வரிக்கும் சும்மாதானே குந்திகினு வரேன்? எழுத்துக் கூட்டிப் படிச்சேன். இப்ப ராத்திரியில தோட்டத்துப் பக்கம் போவணும்னா பொண்டாட்டிய எழுப்புறேன்."

புரிகிறதா? தபால்காரரே கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்! அதன் பிறகு விமரிசனம் இரண்டாக வரத் தொடங்கியது. ருஷ்யக் கதைகளின் மொழிபெயர்ப்பு ஒன்று கொடுத்தேன். மகளுக்குப் பிடித்திருந்தது — "சித்திரை வெயில்ல பனி பெய்ற எடத்தைப் படிச்சா வேர்க்கவே இல்லியாம்." அப்பாவுக்குப் பிடிக்கவில்லை — "பேரு ஒவ்வொண்ணும் ஒரு ஸ்டாப்பிங் நீளம் கீது தம்பி. பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எறங்க வேண்டிய எடம் வந்துடுது."

புதுக்கவிதை கொடுத்தபோது முனுசாமி புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "பாதிப் பக்கம் காலியா கீதே? முழுசா கீற புக்கு இல்லியா?" ஆனால் கலைச்செல்வி அதை மட்டும் இரண்டு வாரம் வைத்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. ரெண்டாந்தபா படிச்சிகினு கீது." அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல கவிதைக்கு அதைவிடச் சுருக்கமாக யாராவது மதிப்புரை எழுத முடியுமா?

ஒரேயொரு புத்தகம் மறுநாளே திரும்பியது. வாழ்க்கையில் முன்னேற வழி சொல்கிற புத்தகம். நான் அடிக்கோடு போட்டுப் போட்டுப் படித்தது. அதோடு கூட, அவளுடைய சொந்தப் புத்தகம் ஒன்றும் வந்தது. சமையல் புத்தகம்!

"பாப்பா இன்னா சொல்லிச்சுன்னா... உன் புக்குல சொன்னா மாதிரி செஞ்சா ஒண்ணியும் வராதாம். இந்த புக்குல சொன்னா மாதிரி செஞ்சா சாம்பாராச்சும் வருமாம்."

வழக்கம்போல முதல் பக்கத்திலிருந்து கடைசி ஊறுகாய் வரை படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், தமிழில் சமையல் புத்தகம் மாதிரி உரைநடை வேறு கிடையாது. 'கடுகு வெடித்ததும் இறக்கவும்.' மூன்றே சொல். கடுகின் மனநிலை பற்றி ஒரு வரி உண்டா? சஸ்பென்ஸும் இருக்கிறது. 'உப்பு தேவையான அளவு' என்று விட்டுவிடுகிறார்களே, எந்த மர்மக் கதாசிரியர் வாசகனை அப்படி நட்டாற்றில் விட்டிருக்கிறார்?

இத்தனை நாள் நான் புத்தகங்களை விருந்தாளி மாதிரி நடத்தியிருக்கிறேன். வாங்க, உட்காருங்க, நீங்க சொன்னால் சரி. அவள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி நடத்தினாள். கிண்டல் செய்தாள், திட்டினாள், பிடித்தால் விடமாட்டேன் என்றாள். யாருக்கு அதிகப் பிரியம்? புதுப் புத்தகத்தில் பத்துப் பக்கம் தாண்டினால், 'இதற்கு அவள் என்ன சொல்வாள்? அதை முனுசாமி எப்படி வந்து சொல்வார்?' என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, எனக்கு இந்தப் பெண் வேண்டும் என்று.

அந்தச் சந்தோஷத்தில் என் பெட்டியிலேயே உசத்தியான புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தேன். பைண்டு புத்தகம்!

வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை வாராவாரம் கிழித்து, வரிசை தவறாமல் சேர்த்து, முடிந்ததும் காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணி வைப்பது... நம்மில் யார் வீட்டில் இல்லை? அதில் ஒரு விசேஷம். அத்தியாயம் முடிகிற தாளின் பின்பக்கத்தில் எது அச்சாகியிருந்ததோ அதுவும் கூடவே பைண்டாகிவிடும். பல்பொடி விளம்பரம், கோலப்போட்டி முடிவு, பாதி ஜோக். கண் பழகிப்போய் தானாகத் தாண்டிவிடும்.

கதை இதுதான். சாரதாவும் ரகுவும் விரும்புகிறார்கள். சாரதாவின் அண்ணனுக்குச் சம்மதம் இல்லை. இருபத்தோராம் அத்தியாயம், ரயில் நிலையம். "என்னோடு வருகிறாயா?" என்கிறான் ரகு. அவள் பதில் அடுத்த தாளில். அதோடு அத்தியாயம் முடிந்தது.

அந்தத் தாளின் பின்பக்கம்? 'அந்தரங்கக் கேள்விகளுக்கு டாக்டர் பதில்.'

எனக்கு அது நினைவிலேயே இல்லை. சத்தியமாக!

அடுத்து முனுசாமி வந்தபோது பையிலிருந்து புத்தகத்தை எடுக்கவே யோசித்தார். சணல் போட்டுக் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது.

"மச்சான் வந்தாரு தம்பி. 'மாப்ளை எப்டி?'ன்னாரு. 'ரொம்பப் படிச்சவரு, இதோ அவரு குடுத்த புக்கு'ன்னு நான்தான் பெருமையா எடுத்து நீட்டுனேன். தொறந்தாரு பாரு... எத்தினி பக்கம் கீது! அந்தப் பக்கந்தான் தொறக்கணுமா?"

டாக்டர் பகுதியின் முதல் கேள்வி என்ன என்று இங்கே எழுத முடியாது. எழுதினால் ஆசிரியர் வெட்டுவார். அவர் வெட்டாவிட்டால் நீங்கள் என்னை வெட்டுவீர்கள். விஷயம் கேள்வியில் இல்லை. கேட்டவர் யார் என்பதில்தான். பெயர் போடவில்லை. 'திருமணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வாசகர், தாம்பரம்.'

"'தாம்பரத்துல பொண்ணு பாத்துகினு கீறவன் எவன்? இவன்தான்!'னு குதிச்சாரு. 'அது மூணு வருசத்துக்கு முந்தி வந்த புஸ்தகம் மச்சான்'னேன். 'அப்ப மூணு வருசமா இதே வேலையா கீறானா?'ன்னாரு. நான் இன்னா சொல்ல?"

"அப்புறம்?"

"தாளைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டாரு. புக்கைத் திருப்பிக் குடுத்துடச் சொன்னாரு. பொம்பளைங்கதான் வுடல. தெனம் மத்தியானம் பாப்பா படிக்கும், தெருவே குந்திக் கேக்கும். மீதியை அவசர அவசரமா முடிச்சிட்டுத்தான் குடுத்தனுப்புனாங்க."

"கல்யாணத்தைப் பத்தி மாமா என்ன சொன்னார்?"

முனுசாமி தரையைப் பார்த்தார். "பார்க்கலாம்னு சொல்லச் சொன்னாரு."

பார்க்கலாம்! இந்த வார்த்தைக்கு உங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டுமா? ஆபீஸில் சம்பள உயர்வு கேட்டால் பார்க்கலாம். வீட்டுக்காரரிடம் ஓடு மாற்றச் சொன்னால் பார்க்கலாம். பார்க்கலாம் என்று சொன்ன எதையாவது யாராவது பார்த்திருக்கிறார்களா?

அப்பா சணலைப் பிரித்தார். கிழிந்த தாளின் வேர் மட்டும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாடா எழுதியிருந்துச்சு?"

சொன்னேன், பாதி விழுங்கித்தான் சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னா கருமாந்திரம் வேணா இருக்கட்டும்டா. எழுத்தை எவனாச்சும் நெருப்புல போடுவானா? ஒரு எழுத்துகூடத் தெரியாத நானே செய்ய மாட்டேன். அந்த வூட்டு சகவாசமே நமக்கு வாணாம்."

ஆக, அவர்களுக்கு நான் வேண்டாம், புத்தகத்தின் பின்பக்கத்தால். எங்களுக்கு அவர்கள் வேண்டாம், முன்பக்கத்தால். நடுவில் நானும் அவளும், பைண்டுக்குள் மாட்டிய நூல் மாதிரி.

ஜெயராஜ் அண்ணன் ஆறுதல் சொன்னார். "ஆண்டவர் ஒரு வழி வைப்பாரு தம்பி. ஆனா ஒண்ணு, அந்தத் தாம்பரம் வாசகருக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும். உன் பாடுதான் திண்டாட்டம்."

ஒரு வாரம் போயிருக்கும். ஒர்க்‌ஷாப் முடிந்து முனுசாமி ஓடி வந்தார். பையில் புத்தகம் இல்லை. முகத்தில் நிம்மதியும் இல்லை.

"பேஜாரா கீது தம்பி. அந்தக் கிழிஞ்ச தாளுல சாரதா இன்னாதான் சொல்லிச்சு? அடுத்த அத்தியாயம் 'அன்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையால்'னு ஆரம்பிக்குதாம். கடசி வரிக்கும் 'அந்த வார்த்தை, அந்த வார்த்தை'ன்னே வருதாம். எந்த வார்த்தைன்னு எங்கியும் இல்லியாம். வூட்ல எனக்கு ரசம்கூட ஒழுங்கா வரல. மச்சான் பொண்டாட்டியும் வந்து கேட்டுட்டுப் போச்சா, அது அங்க மண்டியில சண்டை. 'கிழிச்ச கையால நீயே போய்க் கேட்டுகினு வாய்யா'ன்னு."

"அவ்வளவுதானே சார், இப்பவே சொல்லிடறேன். அவ சொன்னது—"

"ஐயையோ, வாணாம்! எங்கிட்ட சொல்லாதே!" காதைப் பொத்திக்கொண்டார். "நான் வழியில மறந்துடுவேனாம். நீயே நேர்ல வந்து சொல்லணும்னு பாப்பா சொல்லிச்சு."

குதிரைக்குத் தண்ணீர் காட்டாததுவரை அத்தனை கதையையும் ஒப்பிக்கிற மனிதர், ஒரு வார்த்தையை மறந்துவிடுவாராம்! அப்படி நம்பவைத்து அனுப்பியிருக்கிறாள். அவரும் நம்பி வந்திருக்கிறார்.

அப்பாவைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. "கதை பாதியிலே நிக்குதுப்பா அவங்களுக்கு" என்றேன். "சரி. சொல்லிட்டு உடனே கிளம்பிடணும். அந்த வூட்ல ஒரு வாய் தண்ணிகூட குடிக்க மாட்டேன்" என்று சொல்லி அப்பா சட்டையை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோவிலம்பாக்கத்து வீட்டுக் கூடம் முழுக்கப் பெண்கள். நாற்காலியில் ஏகாம்பரம். பக்கத்தில் அவர் மனைவி, முறைத்தபடி. கலைச்செல்வி உள்கதவின் ஓரத்தில் நின்றிருந்தாள். அப்பா வாசலை ஒட்டி உட்கார்ந்து, நீட்டிய செம்பை வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஏகாம்பரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் அந்தத் தாம்பரம் வாசகரா?"

"தாம்பரம்தாங்க. வாசகர்தாங்க. ஆனா அந்த வாசகர் நான் இல்லீங்க."

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஏகாம்பரம் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார். "சரி, சரி. வந்த வேலையப் பாரு. அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு?"

சொன்னேன். ரயில் தூரத்தில் தெரிகிறது. ரகு பெட்டியைக் கையில் எடுக்கிறான். சாரதா தலை குனிந்திருக்கிறாள். ஊருக்குப் போகிற கூட்டம் அவளை இடித்துக்கொண்டு ஓடுகிறது. ரகு மறுபடியும் கேட்கிறான். ரயில் வந்து நிற்கிறது...

"சட்டுனு சொல்லுய்யா! ரயிலு கெளம்பிடப் போவுது!" இது ஏகாம்பரம். நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"அவ சொன்ன வார்த்தை... 'பார்க்கலாம்'."

ஏகாம்பரத்தின் மனைவி தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அடப்பாவமே! இதுதானா? எங்க வூட்டுக்காரரு தெனமும் சொல்றது!"

அவ்வளவுதான், வீடே சிரித்தது. ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்ப இன்னா? பெரியவங்களைக் கேக்காம பொண்ணு வேற இன்னா சொல்லும்? மரியாதையாத்தானே சொல்லியிருக்குது."

"மரியாதையா சொல்லி பத்து வருசம் தனியா குந்திகினு கெடந்துச்சே!" என்றார் அவர் மனைவி.

கதவோரத்திலிருந்து கலைச்செல்வி கேட்டாள், என்னைப் பார்த்து, எல்லார் முன்னாலும். "அந்த எடம் உங்களுக்குப் பிடிச்சுதா?"

நல்லா இருக்குங்க என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வருஷக்கணக்கான பழக்கம். நான் இன்னொரு தடவை அந்தத் தாளை மனசுக்குள் படித்துப் பார்த்தேன்.

"பிடிக்கலீங்க" என்றேன். "வேணும்னா வேணும்னு சொல்லியிருக்கணும். வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கணும். கதையை இன்னும் இருபது வாரம் இழுக்கறதுக்காக, எழுதினவரு ஒரு பொண்ணோட வாயைக் கட்டிப் போட்டுட்டாரு. அது தப்புங்க."

நான் ஒரு புத்தகத்தைக் குறை சொன்னது அன்றைக்குத்தான். ஜெயராஜ் அண்ணன் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

"கதை சொல்ல வந்தியா, கலகம் பண்ண வந்தியா?" என்றார் ஏகாம்பரம்.

"எனக்கு வேணும் மாமா" என்றாள் கலைச்செல்வி.

"எது? அந்த புக்கா?"

"புக்கும்."

முனுசாமி மேலே விட்டத்தைப் பார்த்தார். கலைச்செல்வியின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஏகாம்பரம் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படலாமா என்று யோசிக்கிற முகம். யோசித்துக்கொண்டே இருந்ததில் கோபம் ஆறிப்போய்விட்டது போல. பிறகு என் அப்பா பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"இன்னா சம்பந்தி, நீ ஒண்ணுமே பேச மாட்டேங்கிறியே?"

சம்பந்தி! அகராதியில் தேடினால் ஒரு வரி அர்த்தம்தான் இருக்கும். நான் அந்த வார்த்தையை மட்டும் தனியாக பைண்டு பண்ணி வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

அப்பா அசையவில்லை. "கிழிச்ச தாளு?"

"புச்சா ஒரு புக்கே வாங்கிக் குடுத்துர்றேன்."

"புச்சு வாணாம். அந்தத் தாளு."

"எரிஞ்சிபோனதை எங்க போய்த் தேடுறது?"

"அது எனக்குத் தெரியாது. எம் புள்ள வாராவாரம் சேத்தது."

ஏகாம்பரம் பெருமூச்சு விட்டார். "சரி. வந்துடும்."

'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா? அப்பாவும் கவனித்தார். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

பாவம் ஏகாம்பரம் மாமா. அரிசி மூட்டைகளை விட்டுவிட்டு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பேப்பர்காரர்களிடம் அலைந்தார். மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு வாரப் பத்திரிகை, அதில் இருபத்தோராம் அத்தியாயம். எல்லாரும் அவரை விநோதமாகப் பார்த்தார்களாம். கடைசியில் ஒருவரிடம் அந்த வருஷத்துக் கட்டு இருந்தது. "பிரிச்சுப் பாக்கணும்னா மொத்தமா எடுத்துக்கோ" என்றுவிட்டார் அவர். மொத்தமாக எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றி வந்தார். இருந்தது. சாரதா, ரயில், அந்த ஒரு வார்த்தை — திருப்பினால் டாக்டரும் பத்திரமாக இருந்தார், தாம்பரம் வாசகரோடு.

மாமா அதைக் கத்தரிக்கவில்லை. வெள்ளைத்தாள் ஒட்டவில்லை. ஸ்டேஷன் ரோட்டு பைண்டரிடம் கொடுத்து அப்படியே தைத்து, போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மீதிக் கட்டை மண்டியில் அவரும் அத்தையும் பங்குபோட்டுப் படிக்கிறார்களாம். ஆளுக்கொரு மூட்டையில் உட்கார்ந்துகொண்டு.

கல்யாணச் செலவெல்லாம் இனிமேல்தான். இதுவரைக்குமான கணக்கு மாமா சொன்னது: பழைய பேப்பர் ஐம்பத்தைந்து, ஆட்டோ இருபது, பைண்டர் பன்னிரண்டு. ஆக, ஒரே ஒரு தாள் — முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து — எண்பத்தேழு ரூபாய்.